கண்ணாடிச் சுவரும் பீர்க்கம்பூவும்

மனத்தில் எழும் உணர்வு மெய்யில் வெளிப்படும் வகைகளை எட்டாகப் பகுத்துக்கொண்ட தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அவற்றுள் ஒன்றாகிய மருட்கைக்கு, அதாவது வியப்புக்கு, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. முன்பு காணாததைக் காணும்போது தோன்றுவது புதுமை பற்றிய வியப்பு. அளவிறந்த ஒன்றைக் காணும்போது தோன்றுவது பெருமை பற்றியது. மிக நுண்ணியதைக் காணும்போது தோன்றுவது சிறுமை பற்றியது. ஒன்று பிறிதொன்றாய்த் திரிந்து வருவதைக் காணும்போது தோன்றுவது ஆக்கம் பற்றியது. மலையையும் கடலையும் கண்டு வியப்பது எவருக்கும் இயல்பாகவே கைவருவதாயிருக்க, கடுகளவான ஒன்றைக் கண்டு வியப்பதையும் அதற்கு ஈடாக வைத்து எண்ணிய அந்த இலக்கணநெறி, எழுத்துத் தொழிலை நன்கறிந்தவர்கள் வகுத்தது என்பதில் ஐயமில்லை. எழுத்தாளருக்குப் பயிற்சியும் புலமையும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்குப் புதியதொன்றின்மேல் பற்று வைக்கும் ஆற்றலும் வேண்டும் என்பதும், அப்பற்றின் முதற்பயன் பழகிய சிறு பொருள்களைப் புதிதாய்க் காணும் கண்ணைப் பெறுவதே என்பதும் இவ்வுரையின் கருத்து. அதனைக் காட்டுதற்கு இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில், தம்புள்ளைக்கு அணித்தாயுள்ள சீகிரியாவினும் பொருத்தமான இடம் வேறில்லை. ஏனெனில், ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே வந்துபோன சாதாரண மனிதர்கள், தாம் கண்டு மகிழ்ந்ததை அங்கேயே ஒரு சுவரில் எழுதிவிட்டுச் சென்றிருக்கிறார்கள்.

சுற்றுச் சமவெளியிலிருந்து சுமார் 180 மீற்றர் செங்குத்தாக எழும் சீகிரியாக் குன்றின் உச்சியில், தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணையேறிய முதலாம் காசியப்பன் தன் அரண்மனையை அமைத்து 477 முதல் 495 வரை ஆண்டான் என்பதும், தமையன் கைக்குத் தப்பிய மொகலானன் படையோடு திரும்பிவந்தபோது அவ்வாட்சி முடிந்தது என்பதும், அதன்பின் அவ்விடம் பிக்குகளின் இருப்பிடமாயிற்று என்பதும் சூளவம்சம் கூறும் செய்திகள். அரசியல் வரலாறு இவ்வளவில் நிற்கலாம். குன்றின் மேற்கு முகத்தில், உச்சிக்குப் போகும் வழியின் வெளிப்புறத்தை அணைத்து எழுப்பப்பட்ட ஒரு செங்கற்சுவரே இவ்வுரைக்கு வேண்டுவது. உட்புறம் முழுதும் சுண்ணச்சாந்து பூசி, முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றப்பட்டிருந்தமையால் அதனைச் சிங்களத்தில் கெடபத் பவுர என்றும் தமிழில் கண்ணாடிச் சுவர் என்றும் வழங்குவர். அவ்வழியே நடப்பவர் அண்ணாந்து பார்த்தால், தலைக்கு மேலே பாறையின் குடைவில், இடைக்குக் கீழே மேகம் மறைக்க, கையில் மலரேந்தி நிற்கும் பெண்களின் ஓவியங்கள் தோன்றும். இன்று எஞ்சியிருப்பவை இருபதுக்குச் சற்று மேற்பட்டவையே. பழைய பாட்டொன்று ஐந்நூறு பெண்கள் எனச் சொல்கிறது. அவர்கள் யார் என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுகிறது: அருகிலுள்ள பிதுரங்கல விகாரைக்கு வழிபடச் செல்லும் அரண்மனை மகளிர் என்றார் எச். சி. பி. பெல், விண்ணுலக அரம்பையர் என்றார் ஆனந்த குமாரசுவாமி, மேகத்தையும் மின்னலையும் பெண்ணுருவாக்கிக் காட்டியவை என்றார் செனரத் பரணவிதான.

ஓவியம் மேலே, மெருகிட்ட சுவர் கீழே, இரண்டுக்கும் இடையே மூச்சிரைக்க ஏறிவந்து சற்று நின்ற மனிதர் என்னும் இவ்வமைப்பிலிருந்தே அந்த இலக்கியம் பிறந்தது. கூர்மையான எழுத்தாணி போன்ற ஒன்றால், சாந்தின் மெருகை மட்டும் கீறும் அளவுக்கு மெல்லிதாக, சிறிய எழுத்துகளில், ஒருவர் எழுதியதன் பக்கத்திலும் சில இடங்களில் அதன் மேலுமாக, வந்தவர்கள் பாடல்களை எழுதினர். இவை சிங்களத்தில் கீ எனப்படும் யாப்பில் அமைந்தவை. கீ என்பது பாட்டு எனப் பொருள்படும் பெயர், எதுகைத் தொடை வேண்டாத குறும்பா வடிவம் அது. பெரும்பாலானவை எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையானவை. பதின்மூன்றாம் நூற்றாண்டுக்கு முற்பட்ட சிங்களக் கவிதையில், சமயஞ் சாராத பகுதி ஏறத்தாழ முழுதும் அழிந்துபோயிற்று என்பதை எண்ணும்போது, வழிப்போக்கர் கீறிய இவ்வரிகளே அம்மொழியின் பழங்கவிதைக்குப் பெருஞ்சான்றாய் நிற்பது நெஞ்சைத் தொடுவது.

எழுதியவர்களுள் பிக்குகள் உண்டு, அரச சேவையாளர் உண்டு, படைத்தொழிலார் உண்டு, பெண்களும் உண்டு. பாட்டின் முடிவில் தம் பெயரையும் ஊரையும் சொல்லி, இதை எழுதியவன் இன்னான் என்று பதிந்துவிட்டுப் போவது வழக்கமாயிருந்தது. பொன்னிற மேனியைப் புகழ்ந்தவர் பலர். இத்தனை அழகிருந்தும் ஒரு சொல் பேசாத கல்நெஞ்சத்தார் என்று ஊடியவர் சிலர். அரசன் மாண்டதனால் இவர்கள் துயருற்று நிற்கின்றனர் என்று இரங்கியவர் வேறு சிலர். ஓவியப் பெண்களைப் பார்த்து உருகும் ஆண்களை எள்ளிப் பெண்கள் எழுதிய பாட்டுகளும் அங்கே இருக்கின்றன. ஒருவர் ஓவியத்தை விட்டுவிட்டு, குளிர்ந்து வந்த காற்றையும் அது சுமந்து வந்த மலர்மணத்தையும் மட்டும் பாடுகிறார். இன்னொருவர், தாம் பெருங்கூட்டத்தோடு வந்து சீகிரியைப் பார்த்ததாகவும், ஏற்கெனவே பலர் பாட்டு எழுதியிருப்பதனால் தாம் எழுதவில்லை என்றும் எழுதியிருக்கிறார். எழுதாமைக்குக் காரணத்தை எழுதாமல் அவரால் அவ்விடத்தை விட்டு நகர முடியவில்லை. ஈடுபாடு என்பது எவ்வாறு ஒரு மனிதனைப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு இதைக்காட்டிலும் நேரிய சான்று எந்த மொழியிலும் அரிது.

இப்பாடல்களுள் மிகப் புகழ்பெற்ற ஒன்றைச் சற்று நின்று நோக்க வேண்டும். மாலைப்பொழுதில் நீலக் கருவிளை மலரும் மஞ்சட் பீர்க்கம்பூவும் பின்னிக் கிடக்கக் கண்டால், குன்றின்மேல் நின்ற பொன்னிறத்தாள் நினைவுக்கு வருவாள் என்னும் கருத்தை அது சொல்கிறது. ஓவியத்தில் பொன்னிறப் பெண்ணின் அருகே கருநிறப் பெண் நிற்கும் காட்சியே இவ்வுவமையைத் தூண்டியது என்பது பொதுவான விளக்கம். கட்டரொளு எனச் சிங்களத்தில் வழங்கும் கொடியே தமிழ் நூல்களின் கருவிளை. இன்று சங்குப்பூ என்றும் காக்கணங்கொடி என்றும் ஊருக்கு ஊர் பெயர் பெற்று வேலிகளில் படர்வது. வெட்டகொளு என்பது பீர்க்கு. வீட்டுக் கொல்லையில் பந்தலிட்டும் வேலியில் ஏற்றிவிட்டும் காய்க்காக வளர்க்கப்படுவது. பீர்க்கின் பூ பகலெல்லாம் கூம்பியிருந்து பொழுது சாயும் வேளையில் விரிவது என்பதை அறிந்தவர்களுக்கு, அப்பாட்டில் மாலைப்பொழுது ஏன் வந்தது என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. எழுதியவர் கொடிகளைக் கண்ணால் கண்டு பழகியவர்.

இங்கே கவனிக்கத்தக்கது உவமை செல்லும் திசை. அரண்மனை ஓவியத்தைப் பாராட்ட வந்த ஒருவர், வானுலகையோ மணியையோ முத்தையோ தேடிப் போகாமல், கறிக்காகப் பயிரிடப்படும் ஒரு கொடியின் பூவைத் தேடினார். அதனோடு அமையாமல், இனி அந்தப் பூவைக் காணுந்தோறும் ஓவியம் நினைவுக்கு வரும் என்றும் சொன்னார். குன்றின்மேல் பெற்ற பெருமகிழ்ச்சி வீட்டு வேலிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இனி மாலைதோறும் அவருக்குக் கொல்லைப்புறத்தில் ஒரு சிற்றின்பம் காத்திருக்கும். அது முன்பும் அங்கே இருந்த பூதான், ஆனால் முன்பு அதைக் காணும் கண் அவருக்கு இல்லை. பெருமை பற்றிய வியப்பு சிறுமை பற்றிய வியப்பாய்த் திரிந்ததே இங்கு நிகழ்ந்தது. மெய்ப்பாட்டியல் நான்காவதாகச் சொல்லும் ஆக்கம் என்பதற்கும் இதனையே காட்டலாம்.

தமிழ் வாசகருக்கு இவ்விரு மலர்களும் அயலானவை அல்ல. மலர்களை வரிசைப்படுத்தும் குறிஞ்சிப்பாட்டில் கபிலர் கருவிளைக்கும் இடமளித்திருக்கிறார். குறுந்தொகையின் 98ஆம் பாட்டில், கோக்குளமுற்றனார் படைத்த தலைவி, தன் நெற்றியில் படர்ந்த பசலையைத் தலைவனுக்கு உணர்த்துவதற்கு, மாரிக்காலத்துப் பீர்க்கின் மலர்கள் சிலவற்றை எடுத்துச்சென்று காட்டுவார் இருந்தால் நலம் எனத் தோழியிடம் சொல்கிறாள். பசலை என்பது பிரிவினால் மகளிர் மேனியில் தோன்றும் நிறமாற்றம். மேனியின் மஞ்சளைச் சொல்லப் பீர்க்கையே நாடியது ஒரு மொழியின் கவிதை. ஓவியத்தின் பொன்னைச் சொல்லப் பீர்க்கையே நாடியது மற்றொரு மொழியின் கவிதை. ஒன்று மற்றொன்றிலிருந்து கடன்வாங்கியது என்று கொள்ள வேண்டியதில்லை. இரு மக்களின் கொல்லையிலும் ஒரே கொடி படர்ந்தது என்பதே போதும். சுவர்ப்பாடல்கள் நூலாய் வெளிவந்த 1956ஆம் ஆண்டே மொழிச் சட்டத்தால் இந்நாட்டு மக்கள் பிளவுண்ட ஆண்டாகவும் அமைந்ததை நினைக்கையில், அந்தப் பீர்க்கங்கொடி கூடுதலான மதிப்பைப் பெறுகிறது.

அந்நூலை ஆக்கிய பரணவிதானவின் ஈடுபாடும் தனியே பேசத்தக்கது. 1831இல் ஜொனதன் ஃபோர்ப்ஸ் என்னும் பிரித்தானியப் படையதிகாரி குன்றைப் பார்த்து எழுதியதற்கும், 1894இல் பெல் அங்கே முறையான ஆய்வைத் தொடங்கியதற்கும் பின்னரும், சுவரிலுள்ள கீறல்கள் பெரும்பாலும் வாசிக்கப்படாமலே கிடந்தன. கல்வெட்டறிஞராகிய பரணவிதான, மங்கியும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தும் கிடந்த அக்கீறல்களிலிருந்து 685 பாடல்களைப் பிரித்தெடுத்து, மொழிபெயர்ப்பும் இலக்கணக் குறிப்பும் சேர்த்து இரு தொகுதிகளாக வெளியிட்டார். அரசர்களின் கொடைக்கல்வெட்டுகளைப் படிப்பதே கடமையாயிருந்த ஒருவர், பெயரறியா வழிப்போக்கர் பெண்ணோவியத்தைப் பார்த்து விட்ட பெருமூச்சுகளுக்காக ஆண்டுக்கணக்கில் கண்ணைச் செலவிட்டார். கொடைக்கல்வெட்டு ஒரு நிலத்தின் எல்லையைச் சொல்லும். இக்கீறல்களோ அந்நிலத்தில் வாழ்ந்தவர் எதற்கு மகிழ்ந்தார் என்பதைச் சொல்கின்றன. அவ்வுழைப்புக்குச் சிங்கள இலக்கியம் மட்டுமன்றி, கவிதையை நேசிக்கும் எவரும் கடன்பட்டிருக்கின்றனர்.

ஈடுபாட்டுக்கு இடர் உண்டு என்பதையும் அவர் வாழ்க்கையே காட்டுகிறது. பதவியிலிருந்து ஓய்வுபெற்ற பிற்காலத்தில், பழைய கல்வெட்டுகளின் வரிகளுக்கிடையே நுண்ணிய எழுத்தில் வேறு நீண்ட வரலாறுகள் பொறிக்கப்பட்டிருப்பதாக அவர் கூறி, அவற்றை ஆதாரமாகக் கொண்டு நூல்களும் எழுதினார். பிற கல்வெட்டறிஞர் கண்ணுக்கு அவ்வெழுத்துகள் புலப்படவில்லை, அவ்வாசிப்பு ஏற்கப்படவும் இல்லை. மங்கிய கீறலில் கவிதையைக் கண்ட கண்ணே வெறுங்கல்லிலும் எழுத்தைக் கண்டது. பற்றின்றி முதலாவது நிகழ்ந்திராது. அதே பற்று, பிறர் கண்ணோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வழக்கம் தளர்ந்தபோது, இரண்டாவதில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதனால் முதற்பணியின் பெருமை குறையவில்லை. வேலியிலுள்ள பூவை எவரும் போய்ப் பார்க்கலாம் என்பதே பீர்க்கம்பூவைப் பாடியவருக்கு இருந்த காப்பு.

ஒரு துறையில் தேர்ந்தவர் இன்னொன்றைக் கண்டு அதன்பால் முழுதும் சாய்ந்துவிடுவதற்கு, இலங்கைத் தமிழ் மரபிலேயே தலைசிறந்த சான்றாய் நிற்பவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்து, இங்கிலாந்தில் நிலவியல் கற்று, இலங்கைக் கனிமவள ஆய்வின் இயக்குநராய் 1903 முதல் 1906 வரை பணியாற்றிய அவர், பலாங்கொடைப் பகுதியில் கண்டெடுத்த தோரியனைட் என்னும் கனிமத்தால் அறிவியலிலும் இடம்பெற்றவர். பாறைகளைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்தபோது அவர் பார்வையில் பட்டவை பாக்குவெட்டிகள், சுண்ணாம்புச் செப்புகள், பாய்கள், பானைகள், கதவுத் தாழ்கள். அவற்றைச் செய்தவர்கள் வீடுகளில் அமர்ந்து, செய்முறையைக் கேட்டறிந்து, மனைவி எதெல் எடுத்த நிழற்படங்களோடு அவர் எழுதிய இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூல் 1908இல் வெளிவந்தது. அதனை இங்கிலாந்தில் தாமே மேற்பார்வையிட்டுக் கையச்சில் 425 படிகள் மட்டும் அச்சிட்டார். கலை என்பது அன்றாடம் கைபடும் பொருளில் வாழ்வது, வாழ்க்கையிலிருந்து பிரித்துக் காட்சிப்பேழையில் வைப்பதற்காகத் தோன்றியது அன்று என்னும் அவருடைய வாழ்நாட் கொள்கைக்கு வித்திட்டது அந்தச் சுற்றுப்பயணமே.

அவ்வகைக் கைவேலை ஒன்று மாத்தளை மாவட்டத்திலேயே, ஹப்புவித கிராமத்தில் இன்றளவும் வழங்குகிறது. நிறமேற்றிய அரக்கைக் கரியடுப்பின் சூட்டில் இளக்கி, நூலிழைபோல் நீட்டி இழுத்து, சூடுகாட்டிய மரத்தின்மேல் அவ்விழையை வைத்து அழுத்தி, வேண்டிய இடத்தில் கட்டைவிரல் நகத்தாலேயே நறுக்கிப் பூவும் கொடியும் ஆக்குவர். நகவேலை என்றே அதற்குச் சிங்களத்தில் பெயர். அரக்கு ஆறிவிட்டால் இழை ஒடியும், சூடு மிகுந்தால் இழை கலங்கும். அந்தச் சிறு இடைவெளியைப் பிடித்துக்கொள்ளும் விரலின் அறிவைக் கண்டவர், கைப்பிடியில் சிவப்பும் மஞ்சளும் ஓடும் ஓர் அகப்பையை முன்போல் எடுத்துப் புழங்க முடியாது.

விபுலானந்த அடிகளையும் இவ்வரிசையில் வைக்க வேண்டும். அறிவியல் பட்டதாரியும் ஆசிரியருமாயிருந்த காரைதீவினர், சிலப்பதிகார அரங்கேற்று காதையின் இசைக் குறிப்புகளில் நெஞ்சைப் பறிகொடுத்து, மறைந்துபோன யாழைக் கணக்கின் துணையால் மீட்க முயன்று, 1947இல் யாழ்நூலை அரங்கேற்றி, அவ்வாண்டே மறைந்தார். கணக்கு அவருக்குப் பழகிய கருவி. யாழ் புதிதாய் வந்த காதல். பழகிய கருவியைக் கையில் வைத்திருந்தமையாலேயே புதிய காதல் நூலாய் விளைந்தது.

இதுவரை சொல்லப்பட்டவர்கள் எழுதக் கற்றவர்கள், ஏதோ ஓரளவு ஓய்வும் வாய்த்தவர்கள். சீகிரியாவை அடுத்த வழிகளில் நடந்த மற்றொரு கூட்டத்தையும் இங்கே நினைக்காமல் விட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த கூலித் தொழிலாளர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தனர். பசியாலும் கொள்ளைநோயாலும் வழியிலேயே மடிந்தவர் பலர். குன்றையோ ஓவியத்தையோ பார்க்க அவர்களை எவரும் அழைத்துச் செல்லவில்லை. எழுதுவதற்கு மெருகிட்ட சுவரும் இல்லை. ஆயினும் அவர்கள் பாடினார்கள். தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும், பின்னாளில் தேயிலைக் கொழுந்தெடுக்கும்போது மாமன் மகனைக் கேலிசெய்யும் தெம்மாங்கும், வாய்வழியே மூன்று நான்கு தலைமுறை நிலைத்தன. அவற்றைத் திரட்டித் தந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகி, அதையடுத்து வந்த குடியுரிமைச் சட்டத்தால் தம் மக்கள் நாடற்றவராக்கப்பட்டதைக் கண்ட அவருக்கு, அரசியலிலும் தொழிற்சங்கத்திலும் செய்வதற்கு வேலை மலையளவு இருந்தது. அதனிடையே லயக் காம்பிரா எனப்படும் தோட்டக் குடியிருப்பின் வாசலில் அமர்ந்து கிழவிகள் பாடக் கேட்டு எழுதிக்கொள்வதை அவர் இரண்டாந்தரப் பணியாகக் கருதவில்லை. 1983இல் மலைநாட்டு மக்கள் பாடல்கள் நூலாக வந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். துன்பத்தின் ஆவணமாக மட்டுமே அப்பாடல்களைப் படிப்பது அவற்றுக்கு முழு நியாயம் செய்வதாகாது. பனியில் நனைந்த கொழுந்தையும் புதுச்சேலையின் நிறத்தையும் அவை கண்டு மகிழ்கின்றன. அம்மகிழ்ச்சியையும் அவர்களுடைய உடைமையாக ஏற்றுக்கொண்டால்தான் அவர்களை முழுமனிதராக மதித்ததாகும்.

கண்ணாடிச் சுவரில் இன்று எவரும் எழுத முடியாது, எழுதவும் கூடாது. 1967 ஒக்டோபரில் விஷமிகள் ஓவியங்கள்மேல் சாயம் பூசிச் சிதைத்ததும், இத்தாலிய நிபுணர் லூசியானோ மரான்சி வந்து அவற்றைச் செப்பனிட்டதும், 1982இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் அவ்விடத்தைச் சேர்த்ததும் அறியப்பட்டவை. ஒரு கீறலும் ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பாடலொன்றை அழித்துவிடக்கூடும் என்பதால் தொல்பொருட் சட்டம் கடுமையாயிருப்பது தகும். ஆனால் 2015இல், கிழக்கிலிருந்து சுற்றுலா வந்த ஓர் இளம்பெண் அச்சுவரில் கீறியதற்காக ஈராண்டுச் சிறைத்தண்டனை பெற்று, பின்னர் ஜனாதிபதியின் மன்னிப்பால் வீடு திரும்பினார் என்னும் செய்தியை, எட்டாம் நூற்றாண்டுப் பாடல்களைப் படித்தவர் எளிதில் கடந்துபோக முடியாது. அவர் செய்தது குற்றம். அதற்குத் தூண்டிய விருப்பமோ, அச்சுவரை உலகறியச் செய்த விருப்பத்தின் உறவு.

அவ்விருப்பத்துக்கு வேறு இடம் அமைத்துத் தருவது அரிய காரியமன்று. குன்றின் அடிவாரத்தில் அருங்காட்சியகம் ஒன்று 2009 முதல் இருக்கிறது. இறங்கிவருவோர் அமர்ந்து எழுத அங்கே நீண்ட மேசை ஒன்றும், நல்ல தாளில் தைத்த ஏடுகளும் போடலாம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் எனப் பிரிக்காமல் ஒரே ஏட்டில் அவரவர் மொழியில், பழைய வழக்கப்படி பெயரும் ஊரும் சொல்லி, நான்கு வரிக்கு மிகாமல் எழுதும்படி கேட்கலாம். பழம்பாடல்கள் சிலவற்றை மும்மொழியிலும் அச்சிட்டு மேசைமேல் வைக்கலாம். ஏடு நிறைந்ததும் பேராதனை, யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பல்கலைக்கழக மாணவர்கள் அதனைப் படித்து, ஒருவர் மொழியை மற்றவர் மொழிக்குப் பெயர்த்து, ஆண்டுக்கொரு சிறு தொகுதியாக வெளியிடலாம். மாத்தளையின் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அம்மேசையில் முதலிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் ஓவியத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ஆசிரியர்கள் கட்டாயப்படுத்தாமல், ஏறும்போது கண்ட எறும்பு வரிசையையோ, படிக்கட்டில் கிடைத்த காற்றையோ, பொதிசோற்றின் மணத்தையோ எழுத விட்டுவிட வேண்டும்.